கேட்டலும் திரும்பலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் கிறித்தவ இலக்கியம் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் புறவடிவத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. வீரமாமுனிவரின் வருணனைத் திறன், கிருஷ்ணபிள்ளையின் கம்பன் சாயல், வேதநாயக சாஸ்திரியாரின் குறவஞ்சி மரபு ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவை பேசத்தக்கனவே. ஆயின், அவ்விலக்கியத்தை உள்ளிருந்து இயக்கும் இரு கருத்துகள் போதிய கவனம் பெறவில்லை. ஒன்று கீழ்ப்படிதல், மற்றொன்று மனந்திரும்புதல். இவை பழகிய சொற்கள். பழக்கத்தாலேயே பொருள் தேய்ந்த சொற்கள். ஞாயிறுதோறும் கேட்கும் செவிக்கு அவை வெறும் ஒலியாகிவிட்டன. புறத்தே நின்று நோக்குவோர்க்கோ கீழ்ப்படிதல் அடிமைத்தனமாகவும், மனந்திரும்புதல் அழுகையாகவும் தோன்றுகின்றன.

இவ்விரண்டும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதும், அச்செயல் நாவினால் தொடங்கினும் காலினால்தான் நிறைவெய்தும் என்பதும் இவ்வுரையின் கருத்தாகும். சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் கூடிய அவையில் இதனைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. அஃது இறுதியில் விளங்கும்.

1. இரு சொற்களின் வேர்

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்திலும், புதிய ஏற்பாடு கிரேக்கத்திலும் எழுந்தவை. மனந்திரும்புதலைக் குறிக்க எபிரேயத்தில் பெரிதும் வழங்கும் வினை 'ஷூவ்' என்பது. திரும்புதல் என்பதே அதன் நேர்ப்பொருள். வழி தவறிய ஒருவன் நின்று, திரும்பி, வந்த வழியே நடப்பதற்கும் இச்சொல்லே. இறைவனை விட்டு விலகியவன் அவனிடம் மீள்வதற்கும் இச்சொல்லே. கிரேக்கத்தில் வழங்கும் 'மெட்டனோயா' என்பது மனத்தின் மாற்றத்தைக் குறிக்கும். அஃதாவது, எபிரேயச் சொல் காலைச் சுட்டுகிறது. கிரேக்கச் சொல் மனத்தைச் சுட்டுகிறது.

தமிழ் வழக்கில் நிலைபெற்ற 'மனந்திரும்புதல்' என்னும் தொடரில் இவ்விரண்டும் இணைந்துள்ளமை வியக்கத்தக்கது. கிரேக்கச் சொல்லின் மனமும் எபிரேயச் சொல்லின் திரும்புதலும் ஒரு தமிழ்த் தொடரில் கைகோத்து நிற்கின்றன. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறியது முதல் பெப்ரீசியசின் மொழிபெயர்ப்பு வழியாக 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் வரை, தலைமுறை தலைமுறையாகப் பதப்படுத்தப்பட்ட மொழிநடையில் இத்தகைய தொடர்கள் வேரூன்றின. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு 'மனம் மாறுதல்' என்னும் வழக்கைக் கொண்டது. அது தெளிவான வழக்கே. எனினும், 'திரும்புதல்' என்னும் வினையில் உள்ள வழியும் நடையும் வீடும் 'மாறுதல்' என்பதில் வெளிப்படையாக இல்லை. திரும்புபவனுக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் உண்டு.

கீழ்ப்படிதலின் வேர் இதனினும் சுவையானது. எபிரேயத்தில் 'ஷமா' என்னும் வினை செவியால் கேட்டலையும் சொற்படி ஒழுகுதலையும் ஒருங்கே குறிக்கும். கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஹுப்பகோஏ' என்னும் சொல்லும் கேட்டல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. இலத்தீன் மொழியிலும் இந்நிலையே. இதனை விளக்கத் தமிழர்க்கு அயல்மொழி அகராதி தேவையில்லை. 'சொன்னால் கேட்கமாட்டான்' என்று ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கூறும்பொழுது, அவன் செவிடன் என்று அவள் கூறவில்லை. தமிழிலும் கேட்டலே கீழ்ப்படிதல்.

தமிழ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 'கேள்' என்பது பெயர்ச்சொல்லாக நிற்கும்போது உறவினன், நண்பன் எனப் பொருள்படும். 'கேளிர்' என்பது அதன் பன்மை. ஒலியளவில் ஒன்றாய் நிற்கும் இவ்விரு சொற்களும் கருத்தளவிலும் நெருங்கி நிற்பதை உணர்ந்தால், கிறித்தவம் கூறும் கீழ்ப்படிதலின் இயல்பு விளங்கும். அஃது ஏவலன் ஆணைக்கு அஞ்சுதல் போன்றதன்று. மகன் தந்தையின் குரலை அறிந்து செவிமடுத்தல் போன்றது. கேளாக இருப்பவனே கேட்கிறான்.

2. திராட்சைத் தோட்டமும் இரு மைந்தரும்

இவ்விரு கருத்தும் ஒன்றாய்ச் சந்திக்கும் இடம் மத்தேயு நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு சிறு உவமை. ஊதாரி மைந்தன் உவமையின் புகழ் இதற்கு இல்லை. ஓவியர் இதனை மிகுதியாகத் தீட்டவுமில்லை. ஐந்தே வசனங்களில் கதையும் விளக்கமும் முடிந்துவிடுகின்றன.

ஒரு தந்தைக்கு இரு மைந்தர். மூத்தவனை அழைத்து, இன்று திராட்சைத் தோட்டத்திற்குச் சென்று வேலை செய் என்கிறார் தந்தை. அவன் மறுத்துவிடுகிறான். பின்னர் மனம் வருந்திச் செல்கிறான். இளையவனிடமும் அவ்வாறே கூறுகிறார். அவன் மரியாதையாக 'ஐயா' என விளித்து இசைகிறான், ஆனால் செல்லவில்லை. இருவரில் தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் யார் என்பதே இயேசு எழுப்பிய வினா.

இவ்வுவமை சொல்லப்பட்ட இடமும் கேட்டோரும் கருதத்தக்கவை. இடம் எருசலேம் ஆலயம். கேட்டோர் தலைமைக் குருக்களும் மூப்பர்களும். சமயச் சொற்களை நன்கு அறிந்தவர்கள். காலம் இயேசு சிலுவையில் அறையப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன். மூத்தவனே தந்தையின் விருப்பத்தைச் செய்தான் என்று அவர்களே விடையிறுத்தனர். அவ்விடையே அவர்களுக்குத் தீர்ப்பாயிற்று. வரி தண்டுவோரும் பரத்தையரும் அவர்களுக்கு முன்னே இறையரசில் நுழைவர் என்றார் இயேசு. முதலில் மறுத்து வாழ்ந்தவர்கள் யோவானின் சொற்கேட்டுத் திரும்பினர். எப்போதும் இசைந்து பேசியவர்கள் நின்ற இடத்திலேயே நின்றனர்.

இவ்வுவமையில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, குறையற்ற மகன் இதில் இல்லை. கேட்டவுடன் இசைந்து, இசைந்தவாறே சென்ற மூன்றாம் மகன் ஒருவனை உவமை காட்டவில்லை. ஒருவன் சொல்லில் தவறினான்; மற்றவன் செயலில் தவறினான். ஆகவே, இவ்வுலகில் மனிதர்க்கு வாய்க்கும் கீழ்ப்படிதல் பெரும்பாலும் தாமதமாக வரும் கீழ்ப்படிதலே. அதற்கு மறுபெயர் மனந்திரும்புதல்.

இரண்டாவது, மூத்தவன் தன் மறுப்புக்காகத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கூறப்படவில்லை. அவன் உரை ஒன்றும் ஆற்றவில்லை. தோட்டத்திற்குச் சென்றான். அவன் நடையே அவனது மன்னிப்புரை. மூன்றாவது, தந்தையின் அழைப்பு மறுப்புக்குப் பின்னரும் நிலைத்திருந்தது. தோட்டத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தால் அவன் திரும்பிப் பயனில்லை. திரும்புபவனின் உறுதியைக் காட்டிலும் திறந்திருக்கும் வாயிலே முந்தியது.

3. கண்ணீர் செல்லும் இரு வழிகள்

மூத்த மகன் மனம் வருந்தினான் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் மத்தேயு ஆளும் சொல் 'மெட்டனோயா' சார்ந்ததன்று. பின்னிரக்கத்தைக் குறிக்கும் வேறொரு வினை அது. அதே வினையை, அதே வடிவில், ஆறு அதிகாரங்கள் கடந்து 27ஆம் அதிகாரத்தில் மீண்டும் ஆள்கிறார் மத்தேயு. அங்கே அச்சொல்லுக்கு உரியவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு.

இஃது ஆழ்ந்து எண்ணத்தக்கது. யூதாசு வருந்தவில்லை என்று எவரும் கூற இயலாது. அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாக வாயால் கூறினான். பெற்ற 30 வெள்ளிக் காசுகளையும் திருப்பிக் கொடுத்தான். வருத்தத்தில் மூத்த மகனுக்கும் யூதாசுக்கும் வேறுபாடு இல்லை, சொல்லும் ஒன்றே. வேறுபாடு அவ்வருத்தம் அவர்களை எங்கே இட்டுச் சென்றது என்பதில் உள்ளது. ஒருவன் தந்தையின் தோட்டத்திற்குச் சென்றான். மற்றவன் காசு கொடுத்தவர்களிடம் சென்றான். அவர்கள் அது தங்களுக்கு என்ன என்று கைவிரித்தனர். பின் அவன் தன்னந்தனியே சாவை நோக்கிச் சென்றான்.

அதே இரவில் பேதுருவும் தவறினார். மும்முறை தம் ஆசானை அறியேன் என்றார். சேவல் கூவியதும் வெளியே சென்று மனம் கசந்து அழுதார். அவர் கண்ணீர் புகழ்பெற்றது. ஓவியங்களிலும் பாடல்களிலும் இடம்பெற்றது. ஆயின், பேதுருவின் மனந்திரும்புதல் அவ்விரவில் முடியவில்லை. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் அவரிடம் மும்முறை தம்மிடம் அன்பு உண்டோ எனக் கேட்டு, மும்முறையும் தம் ஆடுகளைப் பேணும் பணியை ஒப்படைக்கிறார். அழுதவருக்குக் கிடைத்த ஆறுதல் ஒரு வேலை. பின்னர்த் திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரத்தில், எருசலேமின் ஆட்சிமன்றத்தின் முன் நிற்கும் பேதுரு, மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் கடவுளுக்குக் கீழ்ப்படிதலே கடமை எனத் துணிந்து உரைக்கிறார். பணிப்பெண் ஒருத்தியின் வினாவுக்கு அஞ்சிய நா, ஆட்சிமன்றத்தின் முன் அஞ்சவில்லை. அழுத இரவின் உண்மை அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

இங்கே வள்ளுவரின் வினைத்தூய்மை அதிகாரம் நினைவுகூரத்தக்கது. அதன் ஐந்தாம் குறள் (655), செய்தபின் இரங்க நேரும் செயலைச் செய்யலாகாது என்றும், ஒருகால் செய்துவிட்டால் மீண்டும் அத்தகையதைச் செய்யாமை நன்று என்றும் கூறுவதாகப் பலர் பொருள் கொள்வர். பரிமேலழகரோ, செய்துவிட்டால் பின்னிருந்து அவ்விரக்கத்தையே செய்துகொண்டிராமை நன்று என்று உரை காண்பார். இரு பொருளும் இங்கே இயைகின்றன. மீண்டும் செய்யாமை வேண்டும். இரக்கத்திலேயே தங்கிவிடாமையும் வேண்டும். குறள் கிறித்தவ நூலன்று. அதனை அவ்வாறு ஆக்க முயல்வதும் முறையன்று. வருத்தம் தங்குமிடமன்று, கடக்குமிடமே என்னும் அறிவு தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதே இங்குச் சுட்டப்படுவது.

4. நான்கு மடங்குக் கணக்கு

விவிலியத்தில் மனந்திரும்புதலின் கவிஞர் தாவீது. அவர் பெயரால் வழங்கும் 51ஆம் திருப்பாடல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனம் நொந்தோரின் வாய்மொழியாக இருந்து வருகிறது. அதன் தலைப்புக் குறிப்பு, பத்சேபாவிடம் சென்ற பின்னர் இறைவாக்கினர் நாத்தான் தாவீதிடம் வந்த நிகழ்ச்சியோடு அப்பாடலை இணைக்கிறது.

நாத்தான் அரண்மனைக்குக் குற்றச்சாட்டோடு வரவில்லை. ஒரு கதையோடு வந்தார். செல்வன் ஒருவன், தன் மந்தையைத் தொடாமல், ஏழை ஒருவன் மகளைப் போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து சமைத்த கதை அது. தாவீது சினந்தெழுந்து, அச்செல்வன் சாகத்தக்கவன் என்றும், ஆட்டுக்குட்டிக்கு நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அம்மனிதர் தாமே என்று நாத்தான் கூறியபோது தாவீது மறுக்கவில்லை, தூதரைத் தண்டிக்கவுமில்லை. தாம் பாவம் செய்ததாக ஒப்புக்கொண்டார். ஆயினும், அவர் விதித்த நான்கு மடங்குக் கணக்கை அவரே செலுத்த வழியில்லாமல் போயிற்று. உரியா இறந்துவிட்டான். இறந்தவனுக்கு எதைத் திருப்பித் தருவது? அப்பாடலின் துயரத்திற்கு அடியில் இந்த ஈடு செய்ய இயலாமை கிடக்கிறது. பாடல் எத்துணை உயர்ந்ததாயினும் உரியாவை அது மீட்கவில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, எரிகோ நகரில் அந்த நான்கு மடங்கு மீண்டும் ஒலிக்கிறது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு வரி தண்டுவோர் தலைவன், செல்வன், குள்ளன். இயேசுவைக் காண அத்திமரத்தில் ஏறியவன். அவன் கண்ணீர் விட்டதாக லூக்கா ஓரிடத்தும் எழுதவில்லை. மகிழ்ச்சியோடு இயேசுவை வரவேற்றான் என்றே எழுதுகிறார். பின் எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையேனும் ஏய்த்திருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருவதாகவும் கூறினான். மனந்திரும்புதல் இங்கே கணக்கேடாக மாறுகிறது. எவரிடம் எவ்வளவு பெறப்பட்டது, எவர் வாயிலில் சென்று எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்னும் கணக்கு அது.

இந்நிகழ்ச்சியில் வரிசைமுறை இன்றியமையாதது. சகேயு திருப்பித் தந்த பின்னர் இயேசு அவன் வீட்டிற்கு வரவில்லை. அவன் மரத்தில் இருக்கும்போதே அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் இல்லத்தில் தங்க வேண்டும் என்றார். அருள் முந்தியது, ஈடு செய்தல் பிந்தியது. கீழ்ப்படிதல் மன்னிப்பின் விலையன்று; மன்னிப்பைப் பெற்றவனின் நடை. இவ்வரிசையை மாற்றினால் சமயம் வணிகமாகிவிடும். பின்னதை விட்டுவிட்டால் சமயம் வெறும் உணர்ச்சியாகிவிடும்.

5. தமிழ்க் காப்பியம் தேர்ந்த தலைவன்

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்கள் இரண்டும் இக்கருத்தை வெவ்வேறு வகையில் தாங்கி நிற்கின்றன. 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் யார் என்பதே வியப்புக்குரியது. தன்னேரில்லாத் தலைவனைத் தேடும் காப்பிய மரபில், முனிவர் தேர்ந்தவர் தச்சராகிய சூசை. அவரை வளன் எனத் தமிழ்ப் பெயரிட்டு அழைத்தார்.

நற்செய்தி நூல்களில் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் இரு அதிகாரங்களில் நான்கு முறை அவருக்குக் கனவில் இறைச்செய்தி வருகிறது. நான்கு முறையும் அவர் எழுந்து, சொன்னபடி செய்கிறார். மரியாளை ஏற்றுக்கொள் என்றபோது ஏற்றார். எகிப்துக்கு ஓடு என்றபோது விடியும்வரை காத்திராமல் இரவோடிரவாகப் புறப்பட்டார். திரும்பு என்றபோது திரும்பினார். எச்சரிக்கப்பட்டபோது வழியை மாற்றிக் கலிலேயாவுக்குச் சென்றார். மறுமொழி இல்லை, நடை மட்டுமே உண்டு. உவமை காட்டாத அந்த மூன்றாம் மகனுக்கு மிக அருகில் நிற்பவர் அவர் எனலாம். காப்பியம் என்னும் வடிவம் அவருக்குப் பேச்சையும் அணியையும் வழங்கியது. எனினும், வெற்றி வீரனையோ வேந்தனையோ தேராமல், கேட்டு நடந்த ஒரு தச்சரைத் தேர்ந்தமையில், கீழ்ப்படிதலே தலைமைப் பண்பு என்னும் துணிவு தேம்பாவணியின் அடித்தளமாயிற்று.

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவ மரபில் வளர்ந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவரது இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலை முதலாகக் கொண்டு எழுந்த காப்பியம் அது.

பனியன் காட்டும் யாத்திரிகன், முதுகில் சுமையோடு அழிவின் நகரை விட்டுப் புறப்படுகிறான். சிலுவையின் அடியில் அச்சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. இந்நிகழ்ச்சி நூலின் இறுதியில் வரும் என்றே பலர் எதிர்பார்ப்பர். ஆனால் அது பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சுமை நீங்கிய பின்னரே மலையும் பள்ளத்தாக்கும் சந்தையும் சிறையும் வருகின்றன. நேர்வழி கரடுமுரடாயிற்று என்று பக்கத்துப் புல்வெளிப் பாதையில் இறங்கிய யாத்திரிகன், ஐயம் என்னும் கோட்டையில் அடைபட்டு, பின் விடுபட்டு, விட்ட வழிக்கே மீள்கிறான். மனந்திரும்புதல் ஒருநாள் நிகழ்ச்சி மட்டுமன்று. 1517இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளில் முதலாவதாக வைத்ததும் இதுவே: நம்பிக்கையாளரின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும். கிருஷ்ணபிள்ளை தம் நூலுக்கு 'யாத்திரிகம்' எனப் பெயரிட்டது, இரட்சிப்பை ஒரு நிலையாகக் கருதாமல் நடையாகக் கண்டதைக் காட்டுகிறது.

6. எவருக்குக் கீழ்ப்படிதல்?

கீழ்ப்படிதல் என்னும் சொல்லைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. ஆட்சியாளரும் சமயத் தலைவரும் குடும்பத் தலைவரும் தத்தம் விருப்பத்தை இறைவிருப்பமாகக் காட்டி, எளியோரைப் பணியவைத்த வரலாறு நெடியது. எனவே, கிறித்தவம் கூறும் கீழ்ப்படிதல் எத்தகையது என்பதை அதற்கு விலை கொடுத்தோரிடமே அறிய வேண்டும்.

பனியன் 1660இல் சிறைப்பட்டார். அரசின் இசைவின்றிப் போதிப்பதில்லை என உறுதி கூறியிருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அவ்வுறுதியை அவர் தரவில்லை. 1672 வரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் கழிந்தன. வீட்டில் பார்வையற்ற மகள் ஒருத்தி இருந்தாள். கடவுளுக்குக் கீழ்ப்படிந்தமையால் அரசுக்குக் கீழ்ப்படியாதவர் அவர்.

செர்மானிய இறையியலார் தீத்ரிச் போன்கோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பையும் சிலுவை இல்லாத அருளையும் 'மலிவான அருள்' எனக் கடிந்தார். இட்லரின் ஆட்சிக்கு முழுப் பணிவையும் கேட்ட ஒரு சமூகத்தில் எழுதப்பட்ட நூல் அது. 1939இல் அமெரிக்காவுக்குச் சென்றவர், அங்கே பாதுகாப்பாகத் தங்க வாய்ப்பிருந்தும், சில வாரங்களிலேயே தாயகம் திரும்பினார். 1943 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு, 1945 ஏப்ரல் 9 அன்று பிளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்ததும் ஒரு திரும்புதலே. வழக்கமான பொருளில் பாவத்திலிருந்து அன்று, பாதுகாப்பிலிருந்து. தம் மக்களின் துன்பத்தில் பங்கு கொள்ளாமல் பின்னர் அவர்களிடையே பணியாற்றும் உரிமை தமக்கு இராது என்று அவர் கருதினார்.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கீழ்ப்படிதலைக் கேட்பவன் அதனால் ஆதாயம் அடைகிறானா, கீழ்ப்படிபவன் அதனால் பிறர்க்குப் பயன்படுகிறானா என்று நோக்கல் வேண்டும். மனிதர் தம்பொருட்டுக் கேட்கும் பணிவு மனிதனைக் குறுக்குகிறது. இறைவனின் குரலைக் கேட்டவனோ திராட்சைத் தோட்டத்திற்கும், சகேயுவைப் போல் ஏய்க்கப்பட்டோரின் வாயிலுக்கும் செல்கிறான். மேலும், உவமையின் தந்தை மகனை வலிந்து இழுத்துச் செல்லவில்லை. மறுக்கும் உரிமை அவனுக்கு இருந்தது, மறுத்தும் காட்டினான். தேர்வு இருந்தமையால்தான் அவன் சென்றது கீழ்ப்படிதலாயிற்று. தேர்வு இல்லாத இடத்தில் அடக்குமுறையே உண்டு.

7. கவிஞர்க்குரிய வினா

சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அவையில் இதனைப் பேச நேர்ந்த காரணத்தை இனிக் கூறலாம். இளைய மகனின் குறை, சொல் வளம் உடையவர்க்கே மிக எளிதில் நேரும் குறை. அவன் சொன்ன சொல் பிழையற்றது, பணிவுடையது, செவிக்கு இனியது. அச்சொல்லைச் சொன்னதிலேயே செயலைச் செய்துவிட்ட நிறைவு அவனுக்குக் கிடைத்திருக்கலாம். தோட்டம் மட்டும் களையெடுக்க ஆளின்றிக் கிடந்தது.

பத்திக் கவிதையில் மனந்திரும்புதல் ஒரு விருப்பமான பொருள். தன்னைக் கடையனாகவும் பாவியாகவும் பாடும் மரபு தமிழில் சைவ, வைணவ, கிறித்தவப் பாடல்கள் அனைத்திலும் வளம்பெற்றது. அம்மரபு உயர்ந்தது. ஆயினும், தன்னிரக்கம் அழகாக அமைந்துவிட்டால் அதுவே போதும் எனும் மயக்கம் எழக்கூடும். பாடலில் கண்ணீர் விட்டவர், பாடல் முடிந்தபின், தாம் ஏமாற்றிய பங்காளிக்கு வரப்பை விட்டுக்கொடுத்தாரா, பேசாதிருந்த உடன்பிறப்பின் வீட்டுப் படியேறினாரா என்பதே தந்தை கேட்கும் வினா. ஊதாரி மைந்தனும் தந்தையிடம் கூறவேண்டிய உரையை வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன்தான். அவ்வுரையை அவன் முடிப்பதற்குள் தந்தை குறுக்கிட்டு, ஆடையும் மோதிரமும் கொண்டுவரப் பணித்துவிட்டார். அவனைக் காப்பாற்றியது அவன் எழுதிக்கொண்டு வந்த உரையா, எழுந்து வந்த கால்களா என்று கேட்டால் விடை எளிது.

இதனால் கவிதைக்கு இடமில்லை என்று கொள்ளலாகாது. நாத்தானை மீண்டும் நினைவுகூர வேண்டும். படையும் சட்டமும் நெருங்க முடியாத ஓர் அரசனின் உள்ளத்தை ஒரு சிறு கதை திறந்தது. தன்னைப் பற்றிய உண்மையை நேரே கேட்க மறுக்கும் செவியும், பிறர் கதையாக அதனைக் கேட்கும். கேட்ட பின் தப்ப வழியில்லை. இயேசு உவமைகளால் பேசியதும் இந்நோக்கம் கொண்டதே. கேளாச் செவியைக் கேட்கச் செய்வது கவிஞனின் பணி. அப்பணியில் அவன் தாவீதாகவும் இருத்தல் கூடும், நாத்தானாகவும் இருத்தல் கூடும். தாவீதாகப் பாடும்போது உரியாவை மறவாமையும், நாத்தானாகப் பாடும்போது தன் பெயரும் அக்கதையில் உண்டு என உணர்தலும் வேண்டும்.

வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில் பல்லாயிரம் அடிகள் இங்கே அரங்கேறியிருக்கும். அவற்றுள் சில, யாரையேனும் ஒருவரை எழுந்து நடக்கச் செய்திருக்கும். அந்நடை எந்தத் தொகுப்பிலும் அச்சேறாது. அதனைப் பாடியவரே அறியாதிருக்கவும் கூடும்.

உவமையின் நேரம் காலையாக இருந்திருக்க வேண்டும். 'இன்று' என்றே தந்தை அழைத்தார். மூத்தவன் எந்நேரத்தில் மனம் திரும்பினான் என்று மத்தேயு கூறவில்லை. நண்பகலாக இருக்கலாம்; பொழுது சாயும் வேளையாகவும் இருக்கலாம். பணிசெய்யச் சிறிது வெளிச்சமேனும் எஞ்சியிருந்தது என்பது மட்டும் உறுதி. அது போதுமானதாக இருந்தது.